கிணற்றடிப் பிழை

செத்தவீட்டால் வருகிறவரை எங்கள் பக்கத்தில் "வாங்கோ" என்று கூப்பிடுவதில்லை. அவர் வேலிப் படலையைத் தானே திறப்பார். வீட்டைப் பார்க்காமல், வளவைச் சுற்றிக்கொண்டு பின்னுக்குப் போவார், கிணற்றடியில் முழுகுவார். துடக்குப் போக முழுகி முடியும்வரை வீட்டுக்காரர் முகம் கொடுப்பதில்லை, கதை கொடுப்பதில்லை. கொடியில் ஒரு துவாயையும் மாற்றுச் சீலையையும் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவோம். ஈரத்தலையோடு அவர் முன்வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் வந்தவர் ஆகிறார். அதுவரை அவர் வளவுக்குள் ஒரு நடமாட்டம், வாடைக்காற்று வேலியைத் தாண்டி வருகிற மாதிரி.

இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடுவதை யார் சொல்லித் தந்தார்கள்? அதனால்தான் எங்கள் வீட்டுக் கதிரையில் காப்புறுதிக்கார இளம் பொடியன் ஒருவன் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, அவவை நீங்கள் உள்ள கூப்பிட்டனீங்களோ?" என்று கேட்டபோது ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் சொல்ல முடியவில்லை. கூப்பிடவில்லை. ஆனால் அவள் கூப்பிடாமல் வந்தவளும் இல்லை.

அவளும் நானும் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் ஒரு சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வளர்ந்தவர்கள். சுவர் என்பது சும்மா பேச்சுக்கு. தகரமும் சாக்கும். அவள் இருமினால் நான் புரண்டு படுப்பேன். எங்கள் வீட்டுக் கறி கருகினால் அவள் அங்கிருந்து கத்துவாள். இலங்கைக்குத் திரும்பி வந்தபோது அவள் முருங்கனுக்கு உள்ளே, தகப்பனுடைய ஊருக்குப் போனாள். நான் கலியாணம் செய்து இந்தத் தீவுக்கு, தலைமன்னார் றோட்டில் தாராபுரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக இருக்கிற இந்த மணல் வளவுக்கு வந்தேன். அவளுக்குப் புருசன் இல்லை. மகள் படிக்கிறாள். விடியமுன் எழும்பி இடியப்பம் பிழிந்து முருங்கன் சந்திக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வலது கையால் உரலை அழுத்தி, தட்டுக்குத் தட்டு ஒரே சுற்று. அவளுடைய இடியப்பத்தைப் பார்த்தால் யார் பிழிந்தது என்று எனக்குத் தெரியும், கையெழுத்தைப் பார்த்த மாதிரி.

எங்களிடம் காப்புறுதி வந்த கதையையும் சொல்ல வேண்டும். பூநாரை வருகிற மாதங்களில் அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பெரிய கமராக்களோடு. அவர்களுக்காக என் கணவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டினார். அறை வாடகைக்கு விடுவதென்றால் இதெல்லாம் வேண்டும் என்று சொல்லி ஒரு காப்புறுதி முகவர் வந்தார், வவுனியாப் பக்கத்துத் தம்பி. நெருப்புக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று, கடைசியாக "வாற ஆக்கள் உங்கட வளவுக்குள்ள விழுந்து அடிபட்டால் அதுக்கும்" என்றார்.

என் கணவர் சிரித்தார். "விழுறவன் தன்ர காலாலதானே தம்பி விழுறான்."

"ஓம் அண்ணை. ஆனா விழுறது உங்கட நிலத்தில."

அந்தச் சொல் அன்றைக்கு எனக்குள் போய் எங்கோ இருந்துகொண்டது. முகாமில் எத்தனை பேர் எத்தனை இடத்தில் விழுந்தோம். தண்ணீர்க் குழாயடிச் சேற்றில், கக்கூசுப் படியில், லொறியிலிருந்து அரிசி இறக்கும் இடத்தில். யாருடைய நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய நிலமும் அது இல்லை. விழுந்தவர் எழும்புவார், மண்ணைத் தட்டுவார், வரிசையில் இடம் போய்விட்டதா என்று பார்ப்பார். நிலம் என்ற ஒன்று கைக்கு வந்த பிறகுதான், அதில் இன்னொருவர் விழலாம் என்ற நினைப்பும் வருகிறது. காணி உறுதியில் எழுதியிருக்கிற எல்லைகளுக்குள் தேங்காய் விழுந்தால் எங்களுடையது. ஆள் விழுந்தாலும் எங்களுடையதா?

அதுவும் எப்படியான நிலம்! இங்கே மண் ஒரு இடத்தில் இருப்பதில்லை. சோளகக் காற்று வீசினால் பக்கத்து வளவு எங்கள் வளவுக்குள் வரும். வாடை வீசினால் எங்கள் வளவு றோட்டுக்குப் போகும். கழுதைகள் வேலியை வேலியாக மதிப்பதில்லை. கிணறு மட்டும் அசையாது. எங்கள் கிணறு ஆழமில்லை, குனிந்தால் வாளியால் மொண்டுவிடலாம். அதைச் சுற்றி, நின்று முழுகுவதற்கு, சொரசொரத்த சீமெந்துக் கட்டு ஒன்று இருந்தது, குதிக்கால் தேய்க்க நல்லது. வருகிற ஆட்கள் கிணற்றைப் படமெடுக்கிறார்கள் என்று என் கணவர் அந்தக் கட்டுக்கு நீல மாபிள் பதித்தார். வெயிலில் அது கடலின் ஒரு துண்டு மாதிரி மினுங்கும். எனக்கும் பிடித்திருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

எங்களோடு முகாமில் இருந்த ஒரு ஐயா பள்ளிமுனையில் செத்துப்போனார். வலைக்காரர். முகாமில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஆபத்து அந்தரத்துக்கு ஓடிவந்தவர். நான் காலையிலேயே போய்ப் பார்த்து, அழுது, வீட்டுக்கு வந்து முழுகினேன். அடுத்த நாள் அறைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று என் கணவர் மாபிளைச் சவுக்காரத்தூள் போட்டு உரஞ்சி வைத்திருந்தார். வாளியை எடுக்கும்போது எனக்கு ஒருக்கால் கால் வழுக்கி இழுத்தது. கொடி கட்டிய தூணைப் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் இவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவள் முருங்கனிலிருந்து வந்து, சவப்பெட்டி எடுக்கும்வரை செத்தவீட்டில் நின்றிருக்கிறாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போக முன்னர் முழுகிவிட்டுப் போகலாம் என்று எங்கள் வளவுக்கு வந்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன். படலைச் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அழுது வீங்கிய அவளுடைய கண்ணை நான் கண்டதும், நான் கண்டதை அவள் கண்டதும் அந்த ஒரு கணத்துக்குள் நடந்து முடிந்தது. போய்த் துவாயையும் சீலையையும் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் எனக்குப் பின்னால் மணலில் நடந்து போகிற சத்தம் கேட்டது. வழுக்கும் என்ற சொல் என் வாய்க்குள் வந்து நின்றது. முழுகட்டும், பிறகு கதைப்போம் என்று வாய் தன்பாட்டில் மூடிக்கொண்டது.

வாளி உருண்டு போகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கக் கையை நீட்டினேன். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முகம் மாவாய் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் அவள் சொன்ன முதல் சொல், "என்னைத் தொடாதையடி, நான் இன்னும் முழுகேல்ல."

"விசரி, கை முறிஞ்சு போச்சு."

"முறிஞ்சது முறிஞ்சதுதானே. முதல் ஒரு வாளி ஊத்து."

ஊற்றினேன். அவள் தலையில் ஊற்றி, என் தலையிலும் ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரும் நனைந்தபடி ஓட்டோவில் ஏறினோம். ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் கனநாளைக்கு அந்தக் கையால் அழுத்துகிற வேலை செய்யக்கூடாது என்று டொக்டர் சொன்னார். "என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று அவர் கேட்க, அவள் கையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

அன்று முகவருக்குப் போன் எடுத்தேன். அவர் பதறிப் போனார். "அக்கா, பிழை எண்டு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. போய்ப் பாருங்கோ, வேண்டாமெண்டேல்ல. மன்னிப்பு மட்டும் கேட்காதேங்கோ." அப்போது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். மாபிள் வழுக்கும் என்பது காலையிலேயே எனக்குத் தெரியும் என்றும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன். என் கணவர் போனை வாங்கி, "தம்பி, சோறு தீத்துறதும் பிழையை ஒத்துக்கொள்ளுறதோ?" என்று கேட்டார்.

பிறகு முகவர் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியைப் படமெடுத்தார், மாபிளில் தன்னுடைய சப்பாத்தை வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார். கூப்பிட்டீர்களா என்று கேட்டது அப்போதுதான். நான் வழக்கத்தைச் சொன்னேன். அவருக்கும் தெரியும், அவருடைய வீட்டிலும் அதுதான். "ஆனா அக்கா, இதை நான் கொம்பனிக்கு இங்கிலீசில எப்பிடி எழுதுறது? ஆள் வருது, வீட்டுக்காரி காணுறா, கூப்பிடவுமில்லை, மறிக்கவுமில்லை, துவாய் மட்டும் போடுறா எண்டோ?"

"அப்பிடித்தானே நடந்தது."

"அப்ப துவாய்தான் அழைப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். எனக்கு அந்தப் பொடியனைப் பிடித்துப்போனது. காசு கொடுத்துத் தங்கினவளா இல்லையா என்பது இதற்கு முக்கியமில்லை என்றும், வளவுக்குள் வருவதற்கு உரித்து இருந்ததா, ஆபத்து இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்ததா, சொன்னாரா என்பதுதான் கேள்வி என்றும் விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் இடியை இறக்கினார். நான் விரும்புகிறேன் என்பதற்காகக் கொம்பனி ஒன்றும் கொடுக்காது. அவள் கேட்க வேண்டும். இன்னாருடைய கவனக்குறைவால் எனக்கு இப்படி ஆகிவிட்டது, நட்டஈடு தரவேண்டும் என்று அவள் என்மேல் குற்றம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

ஆகவே நான் பஸ் ஏறி, பாலம் தாண்டி, முருங்கனுக்குப் போனேன், என்மேல் குற்றம் சொல்லச் சொல்லிக் கெஞ்சுவதற்கு. இப்படியொரு காரியத்துக்கு அந்த பஸ்ஸில் வேறு யாரும் போயிருப்பார்களா என்று தெரியவில்லை.

இடியப்ப உரல் சுவரில் ஆணியில் தொங்கியது. அவள் இடது கையால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உனக்கென்ன விசரோ? உன்ர கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு உன்னில வழக்கோ?"

"என்னில இல்லையடி, கொம்பனியில."

"ஆற்ற பேரை எழுதுறது?"

"என்ர பேரை."

"அப்ப உன்னிலதான்."

"எழுதினாத்தான் தருவாங்கள்."

"வேண்டாம். கண் எனக்கு இருந்தது, கால் என்ர கால். நான்தான் விழுந்தனான். உன்ர கிணறு எழும்பி வந்து என்னைத் தள்ளினதோ?"

திரும்பத் திரும்பப் போனேன். போகும்போதெல்லாம் மீனோ கருவாடோ கொண்டுபோவேன். அவள் முருங்கைக்காயைக் கட்டித் தருவாள், ஒன்றையும் சும்மா வாங்கமாட்டாள். இதற்கிடையில் சந்தியில் ஒரு கடைக்காரர் வேறு ஒருத்தியிடம் இடியப்பம் எடுக்கத் தொடங்கிவிட்டார். மற்றக் கடைக்காரர் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். மகள் ரியூசனை விட்டுவிட்டாள், தலையிடி என்று சொன்னாள். தலையிடி இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எல்லோரும் மரியாதையாக இருந்தோம். அந்த மரியாதைக்குள் ஒரு வீடு மெல்ல மெல்லப் பசித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் எனக்கு அலுத்துவிட்டது. வெயிலும் பஸ்ஸும் அவளுடைய சிரிப்பும் சேர்ந்து. "சரி" என்றேன், "உன்ர பிழைதான். பார்த்து நடக்கத் தெரியாதவள் விழத்தான் வேணும். விடு."

அவள் முகம் மாறியது. முகாமில் குழாயடிச் சண்டையில் கண்ட முகம், எத்தனையோ வருசமாக நான் காணாத முகம்.

"என்னடி சொன்னனீ? பார்க்கத் தெரியாதோ? நீ பார்த்துக்கொண்டு நிண்டனீ! காலமை உனக்கும் வழுக்கினதெண்டு ஆஸ்பத்திரியில நீதானே சொன்னனீ. தெரிஞ்சுகொண்டு, துவாயைப் போட்டிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போனனீ. செத்தவீடெண்டால் வாய்க்கும் துடக்கோ? குழாயடியில உன்ர வாய் முழு முகாமுக்கும் கேட்டது. எனக்கு ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரேல்லயோ?"

மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குக் காது சுட்டது. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தப் பொடியனுடைய கேள்விகளுக்கெல்லாம் நான் மறுமொழி சொல்லியிருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வழக்கம் என்று சொல்லலாம். ஆனால் வழக்கம் என் தொண்டையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. நான்தான் அதற்குப் பின்னால் போய் நின்றேன், அங்கே நிற்பது சுகமாக இருந்தபடியால். அவள் விழுவாள் என்று நான் நினைக்கவில்லை. நினைக்காமல் விடுவதற்குத்தான் அவர்கள் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போலும்.

"இதைத்தான் அந்தத் தம்பிக்கும் சொல்லு" என்றேன்.

அவள் மூச்சு வாங்கினாள். "சொல்லுறன். வரச்சொல்லு."

அவள் வாக்குமூலம் சொல்லும்போது நான் அங்கே இருக்கக்கூடாது என்று முகவர் சொன்னார். "அவள் இல்லாத இடத்தில அவளைப் பற்றி நான் கதைக்கமாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே நானும் இருந்தேன், மூன்று கதிரையில் மூன்று பேர். அவள் என்னை ஒருக்காலும் பார்க்காமல், முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு தெளிவாக, எல்லாவற்றையும் சொன்னாள். படலை, யன்னல், துவாய், மாபிள். ஒருவர் என்மேல் இவ்வளவு ஒழுங்காகக் குற்றம் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கக் கேட்க நெஞ்சில் ஒரு பாரம் ஏறியது, கூடவே ஏதோ இறங்கியும் போனது.

"வேறென்ன அக்கா?" என்றார் முகவர்.

"வேறயோ? முகாமில என்ர சருவச்சட்டியை வாங்கி நெளிச்சுக் கொண்டந்து தந்தவள்."

"அது காப்புறுதிக்குள்ள வராதக்கா."

"வராட்டிலும் தெரிஞ்சிருங்கோ."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் உதடு துடித்தது. பிறகு அவர் பேனையை மூடப் போகிறபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நானும் கீழ பார்த்து நடந்திருக்கலாம். கண்ணெல்லாம் தண்ணி, செத்தவரை நினைச்சுக்கொண்டு வந்தனான். அதையும் எழுதுங்கோ."

"அக்கா, அதை எழுதினால் தாறது குறையும்."

"குறையட்டும். நடந்ததைத்தானே கேட்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். எழுதினார்.

கொம்பனி யோசித்து, ஆட்களை அனுப்பிக் கிணற்றடியை இன்னொருக்கால் பார்த்து, கடைசியில் பிழையைப் பங்கு போட்டது. பாதி வீட்டுக்காரருடையது, பாதி விழுந்தவருடையது. எங்கள் பாதிக்கு நட்டஈடு வந்தது. முகவருக்கு அது பெரிய மனவருத்தம். இன்னும் கேட்டு எழுதலாம் என்றார். அவளுக்கோ நல்ல சந்தோசம். "பாத்தியே, என்னிலயும் பிழை இருக்கெண்டு அவங்களும் சொல்லிட்டாங்கள். நான் அண்டைக்கே சொன்னனான்."

எனக்கு அந்தப் பாதி இன்னும் சரிவரவில்லை. வாடைக்குள் நடக்கும்போது யோசிப்பேன். ஒரு சொல்லாத சொல்லை எந்த இடத்தில் வெட்டிப் பாதியாக்குவது? மாபிளில் இவருக்கு ஒரு பங்கு, சவுக்காரத்தூளில் ஒரு பங்கு, செத்துப்போன ஐயாவுக்கு, அவருக்காக வந்த கண்ணீருக்கு ஒரு பங்கு என்று போய்க்கொண்டே இருக்கலாம். என் கணவர் யோசிக்கவில்லை. உளியை எடுத்து மாபிளைக் கொத்தித் தள்ளிவிட்டு, பழையபடி சீமெந்து பூசிச் சொரசொரக்க விட்டார். யோசிக்கிறவர்களைவிட அப்படியானவர்களுக்கு நித்திரை நல்லாக வரும்.

வந்த காசில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்து வேலையைத் திரும்பத் தொடங்கினாள். நான் போன அன்று அந்தப் பெண் பிழிய, அவள் இடது கையால் மா குழைத்துக்கொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்த்த கை மெலிந்து, கொஞ்சம் கோணலாக, மடியில் கிடந்தது. ஒரு தட்டை மட்டும் தானே பிழிந்து பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உரலை அழுத்த, நூல் அரைவாசிச் சுற்று வந்து அறுந்தது. கையை உதறிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அந்த நேரம் சந்தியிலிருந்து, கொஞ்ச நாள் பார்ப்பேன் என்று சொல்லியனுப்பின கடைக்காரர் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றபடியே கேட்டார். "என்ன தங்கச்சி, நாளையிலயிருந்து பழையபடி தருவீங்களோ, இல்லாட்டி நான் மற்றவவிட்ட எடுக்கட்டோ?"

அவள் உரலைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாதி தருவன் அண்ணை" என்றாள். "மிச்சத்துக்குக் கை வரட்டும்."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரியென்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.